தராசம்மாவின் வண்டித் தரை

தராசம்மா எதையும் கேட்டவுடன் நம்பியதில்லை. நம்புவதற்காக யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. முப்பத்தோரு வருடம் எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். தோளில் கனத்த தோல் பெட்டி, பெட்டிக்குள் வெல்வெட் குழிகளில் பித்தளை எடைக்கற்கள். ஸ்கூட்டரைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டுக் கடைக்கு நடந்து வருவார். வண்டிச் சத்தம் கேட்டால் கடைக்காரர்கள் உஷாராகிவிடுவார்கள். காய்கறிக் கடை, இறைச்சிக் கடை, பழைய இரும்புக் கடை, பெட்ரோல் பங்க் என்று அந்த ஊரில் அவர் கை படாத தராசு கிடையாது. தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவனைப் பிடித்திருக்கிறார். கட்டைவிரலால் தட்டை அமுக்கிய நகைக்கடை முதலாளியைப் பிடித்திருக்கிறார். அவருடைய நிஜப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. தபால்காரர்கூட, "தராசம்மா வீடு இதுதானே?" என்று கேட்டுத்தான் கடிதம் கொடுத்தார்.

கணவர் இதற்கு நேர் எதிர். முப்பத்து நான்கு வருடம் ஒரே வழித்தடத்தில் பேருந்து ஓட்டியவர். யாரையும் இடித்ததில்லை, யாரையும் திட்டியதும் இல்லை. டிப்போவில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தார்கள். தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது. நிதானம் யாரையும் சந்தேகப்பட மாட்டார். மழை வரும் என்று வானொலி சொன்னால், வெயிலிலும் குடையோடு கிளம்புவார்.

இரண்டு பேரும் ஊரைத் தாண்டாத ஜோடி. அவருக்கு வழித்தடத்தின் எல்லை, தராசம்மாவுக்கு ஆய்வு வட்டத்தின் எல்லை. மகள் திருமணமாகி வெளியூர் போனபோதுகூட, கொண்டுபோய் விட்டுவிட்டு மறுநாளே திரும்பியவர்கள். ஓய்வு பெற்றதும் ஒரு வண்டி வாங்கி, அதையே வீடாக்கிக்கொண்டு, ரோடு போகிற திசையெல்லாம் போவது என்று பத்து வருடமாகப் பேசி வைத்திருந்தார்கள். அப்படி வாங்கியதுதான் அந்தப் பழைய பள்ளிக்கூட மினி பஸ். இருக்கைகளைக் கழற்றி எறிந்தார்கள். சுவர்களுக்குள் வெப்பத் தடுப்புப் பஞ்சு வைத்து மூடினார்கள். தச்சர் வந்து அடித்தரைக்குப் பிளைவுட் போட்டார். கட்டில், அலமாரி, அடுப்பு மேடை எல்லாம் தயாராகி, கொட்டகையில் பழைய படுதாவைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தன. பிளைவுட்டின் மேல் ஒரு நல்ல தரை விரித்துவிட்டால் அவற்றை உள்ளே ஏற்றித் திருகிவிடலாம். தரை ஒன்றுதான் பாக்கி.

அந்தத் தரையில்தான் எல்லாம் சிக்கியது.

முதலில் தராசம்மா சந்தேகப்பட்டது தரைக் கடைக்காரரை. காதில் பென்சில் செருகிய, வழுக்கைத் தலை மனிதர். கடை முழுக்கச் சுருள் சுருளாக வினைல் விரிப்புகள் நின்றுகொண்டிருந்தன, விசாரணைக்கு வரிசையில் நிறுத்திய ஆட்களைப் போல. கடைக்காரர் ஒரு பலகைத் துண்டை எடுத்து மேஜையில் டொக்கென்று தட்டினார்.

"லேமினேட், மேடம். தண்ணி ஒண்ணும் பண்ணாது. உயிரே போனாலும் இது போகாது."

"யார் உயிர்?" என்று கேட்டார் தராசம்மா.

கடைக்காரர் பலகைத் துண்டைக் கீழே வைத்தார். ஆறு வகை மாதிரித் துண்டுகளை வாங்கிக்கொண்டு தராசம்மா வீட்டுக்கு வந்தார்.

பின் வாசலில் ஒரு சோதனைச் சாலையே உருவானது. ஒவ்வொரு மாதிரியையும் பாதியாக அறுத்து, ஒரு பாதியை வாளித் தண்ணீரில் மூன்று நாள் போட்டார். மறு பாதியை வண்டியின் கூரை மேல் உச்சி வெயிலில் வைத்தார். சாவியால் கீறினார். சூடான எண்ணெயைச் சொட்டினார். கட்டில் கால் அளவுக்கு ஒரு இரும்புத் துண்டை வைத்து அதன் மேல் மாவு மூட்டையை ஏற்றி ஒரு ராத்திரி விட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, எடை போட்டார். ஓய்வு பெறும்போது துறையில் ஏலம் விட்ட பழைய மேஜைத் தராசு ஒன்று அவரிடம் இருந்தது. வண்டி தாங்கும் மொத்த எடை இவ்வளவு என்று பதிவுப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதில் தண்ணீர்த் தொட்டி, எரிபொருள், கட்டில், அடுப்பு, இரண்டு உடம்பு எல்லாம் அடங்க வேண்டும்.

"என்னையும் நிறுத்துப் பார்த்துடு" என்றார் நிதானம்.

"உங்களைப் போன மாசமே கணக்குல எழுதிட்டேன்."

முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. லேமினேட் மூன்றாம் நாள் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஓரம் உப்பியது. பீங்கான் ஓடு எடையிலேயே தோற்றது. தவிர, குலுங்குகிற வண்டியில் அது ஒரு மாதம்கூட விரிசல் விடாமல் இருக்காது. கார்க் மரப்பட்டைத் தரை இலேசாக இருந்தது, காலுக்கு இதமாகவும் இருந்தது. ஆனால் இரும்புத் துண்டு பதிந்த பள்ளம் மறுநாளும் எழவில்லை. கம்பள விரிப்பை மோந்து பார்த்ததோடு சரி. ஒன்றோடொன்று கோர்க்கிற வினைல் பலகைகள் வெயிலில் கோணி, இணைப்பில் நகம் நுழைகிற இடைவெளி விட்டன. கடைசியில் தேறியது ஒரே துண்டாக விரிக்கிற வினைல் சுருள். இணைப்பே கிடையாது, தண்ணீர் இறங்க வழி கிடையாது, எடையும் குறைவு.

"அடர் தேக்கு நிறத்துல எடுத்துடலாம், அழுக்கு தெரியாது" என்றார் தராசம்மா.

நிதானம் அந்தத் துண்டைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "பார்க்கலாம்" என்றார்.

அந்த 'பார்க்கலாம்' இரண்டு வாரம் ஓடியது. அடர் நிறம் வேண்டாம், வண்டிக்குள்ளே இருட்டாகிவிடும் என்றார். சரியென்று சாம்பல் நிறம் கொண்டு வந்தால், அது சிமெண்ட் மாதிரி இருக்கிறது என்றார். வெளிர் நிறத்தில் புள்ளி போட்டது வந்தது. "எது புள்ளி, எது எறும்புன்னு தெரியாது" என்றார். கட்டம் போட்டது வந்தது. தலை சுற்றுகிறது என்றார். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் ஒரு சட்டையின் நிறத்தைக்கூடத் தானாகத் தேர்ந்தெடுக்காத மனிதர் அவர். எடுத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு போவார். அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று இத்தனை ரசனை எங்கிருந்து முளைத்தது?

ஒருவழியாக, புள்ளியும் கோடும் இல்லாத, பால் கலந்த டீ நிறத்துச் சுருளுக்குத் தலையாட்டினார். படிக்கட்டு விளிம்புக்கும் கட்டில் மேடை விளிம்புக்கும் கறுப்பு ரப்பர் பட்டை வைக்க வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடித்தார்.

"பஸ்ஸா நடத்தப் போறோம்? அசிங்கமா இருக்குமே."

"இருக்கட்டும். பழகின கால்."

கடையில் ஆர்டர் சொல்லிவிட்டு வந்து ஒரு வாரம் ஆனது. தராசம்மா கடைக்குத் தொலைபேசியில் கேட்டார்.

"ஸ்டாக் வரலை மேடம். கம்பெனியில இருந்து இன்னும் அனுப்பல."

இரண்டாவது வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் இருவரும் நேரிலேயே போனார்கள். "லாரி வழியில நிக்குது மேடம்" என்றார் கடைக்காரர். சொல்லும்போது அவர் தராசம்மாவைப் பார்க்கவில்லை, நிதானத்தைப் பார்த்தார். அது ஒரு நொடிதான். ஆனால் அந்த ஒரு நொடியைப் பிடிக்கத்தானே தராசம்மா முப்பத்தோரு வருடம் தெருத் தெருவாக நடந்தார்? தராசுத் தட்டைப் பார்க்காமல் கடைக்காரன் முகத்தைப் பார்த்தால் போதும் என்பது அவருடைய தொழில் பாடம்.

இன்னொன்றும் உறுத்தியது. நிமிடம் தவறாமல் பஸ்ஸை எடுத்தவர் நிதானம். மூன்று வாரம் தாமதம் என்றதும் அவருக்குக் கோபம் வரவில்லை. "வரும்போது வரட்டுமே" என்றார். தண்ணீர் குடித்த மாதிரி ஒரு நிம்மதி அவர் குரலில் தெரிந்தது.

அன்று மாலை மகள் பேசினாள். தராசம்மா நடந்ததைச் சொன்னார்.

"அம்மா, கடைக்காரரை விட்டுட்டு இப்ப அப்பாவைப் பிடிச்சுட்டியா? அவர் நெத்தியிலயும் முத்திரை குத்திட்டுத்தான் விடுவ போல."

"ரெண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறாங்கடி."

"அப்பாவுக்கு மறைக்கத் தெரியுமா? என் பிறந்தநாள் பரிசைக்கூட முந்தின நாளே சொல்லிடுவாரும்மா."

அதுதான் தராசம்மாவுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. மறைக்கத் தெரியாதவர் மறைக்கிறார் என்றால் விஷயம் சின்னதாக இருக்காது.

மறுநாள் காலை, மருந்துக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். தரைக் கடைக்கு இரண்டு கட்டிடம் முன்னாலேயே நிறுத்தினார். கடைக்காரர் முன்பக்கம் யாருக்கோ விரிப்பு அளந்துகொண்டிருந்தார். தராசம்மா பக்கத்துச் சந்தில் நுழைந்து, சரக்கு இறக்குகிற பின் கதவு வழியாக உள்ளே போனார். திறந்துதான் கிடந்தது. கோந்து வாடையும் புது ரப்பர் வாடையும் முகத்தில் அடித்தன. சுவரோரம் சாய்த்து வைத்த சுருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர், ஐந்தாவது சுருளின் முன் நின்றார். பால் கலந்த டீ நிறம். பிளாஸ்டிக் உறையின் மேல் தூசி படிந்திருந்தது. இன்று நேற்று வந்த சரக்கில்லை. நூலில் கட்டித் தொங்கிய அட்டையில் பென்சிலால் எழுதியிருந்தது: 'டிரைவர் சார் — அவர் சொல்லும் வரை அனுப்ப வேண்டாம்.'

தராசம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை. வந்த வழியே வெளியேறி, ஸ்கூட்டரில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்ப மறந்துபோய், சும்மாவே உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரர் ஏமாற்றியிருந்தால் அவருக்குச் சுலபம். நோட்டீஸ் எழுதுவது மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பார். இது வேறு. வண்டியை விற்கப் போகிறாரோ? என்னோடு ஊர் சுற்றப் பிடிக்கவில்லையோ? இத்தனை வருடம் நாளெல்லாம் ரோட்டிலேயே இருந்த மனிதர், இனியாவது வீட்டில் இருக்கலாம் என்று நினைத்து, அதைச் சொல்ல வாய் வராமல் தவிக்கிறாரோ?  ஆனால் வீட்டுக்குப் போனதும் கேட்கவில்லை. கேட்டால் கிடைப்பது பதில்தான், உண்மை இல்லை என்பது அவர் அனுபவம்.

மூன்று நாள் பேசாமல் கவனித்தார்.

நிதானம் காலையில் பத்திரிகையை ஜன்னலுக்கு வெகு அருகில் கொண்டுபோய்ப் படித்தார். வாசற்படி இறங்கும்போது முதல் படியைக் காலால் தேடினார். காபிக் கோப்பையை அவருடைய இடது பக்கம் வைத்தால் கை தட்டிவிட்டது, வலது பக்கம் வைத்தால் எடுத்துக்கொண்டார். வண்டியை மாதம் ஒருமுறை டவுனைச் சுற்றி ஓட்டிவிட்டு வருவது வழக்கம். அதை எப்போது நிறுத்தினார் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. பேட்டரி இறங்கும் என்று இன்ஜினை மட்டும் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வயசானால் எல்லாருக்கும் இருக்கும்.

ஆனால் தராசம்மாவுக்குத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. பழுதான தராசு ஒரு நாள் கூட்டிக் காட்டும், ஒரு நாள் குறைத்துக் காட்டும். எப்போதும் ஒரே பக்கமாகத் தப்புகிற தராசுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். கணவர் வேண்டாம் என்று தள்ளிய தரைகளை மனதில் வரிசைப்படுத்தினார். அடர் நிறம், புள்ளி, கட்டம், சாம்பல். வேண்டும் என்று கேட்டது வெளிர் நிறமும், விளிம்பில் கறுப்புப் பட்டையும். எல்லாம் ஒரே பக்கம். இது ரசனை இல்லை.

நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், வண்டிக்குள் ஏறி, மிச்சமிருந்த மாதிரித் துண்டுகளைப் பிளைவுட்டின் மேல் விரித்தார். அடர் தேக்கு நிறத்துண்டின் மேல் கறுப்பு உறை போட்ட அளவு டேப்பை வைத்தார். பிறகு வெளியே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க. டேப்பு கீழ விழுந்துடுச்சு, குனிய முடியல. எடுத்துக் குடுங்க."

நிதானம் ஏறி வந்தார். கீழே பார்த்தார். பிளைவுட்டைப் பார்த்தார், துண்டுகளைப் பார்த்தார். டேப் அவர் காலுக்கு ஒரு முழத் தூரத்தில், சற்று இடது பக்கமாக இருந்தது. அவர் பார்வை அதன் மேலேயே போய்க் கடந்தது, நிற்கவில்லை.

"எங்க இருக்கு?"

"அங்கதான்."

அவர் குனிந்து கையால் துழாவத் தொடங்கினார். முதலில் வலது பக்கம், பிறகு முன்னால். விரல்கள் ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் தொட்டுத் தொட்டு நகர்ந்தன. தராசம்மாவால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. தானே குனிந்து டேப்பை எடுத்து, வெளிர் நிறத் துண்டின் மேல் வைத்தார். உடனே நிதானத்தின் கை அதை எடுத்துவிட்டது. எடுத்த பிறகு அவர் நிமிரவில்லை. முட்டி போட்டபடியே இருந்தார்.

"சோதிச்சுப் பார்த்தியா?"

"ஆமா."

"எத்தனை நாளா தெரியும்?"

"இப்பத்தான். உங்களுக்கு எத்தனை நாளா தெரியும்?"

"எட்டு மாசம்."

அவர் பிளைவுட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போகிற நோய் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஓரப் பார்வை முதலில் போகும். இடது பக்கம் பெரும்பாலும் போய்விட்டது. போனது திரும்ப வராது. சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். மருந்துப் புட்டியை வண்டிக் கருவிப் பெட்டிக்குள் ஸ்பேனர்களுக்கு அடியில் வைத்திருந்தார். தராசம்மா அந்தப் பெட்டியைத் தொடுவதே இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?"

"அவரே கண்டுபிடிச்சார். ஒருநாள் தனியா கடைக்குப் போனப்ப நான் துண்டைத் தடவுறதைப் பார்த்துட்டு, 'எங்கம்மாவுக்கும் இதேதான் சார், வெளிர் நிறம் போட்டு, விளிம்புக்குக் கறுப்பு அடிங்க'ன்னு சொன்னார். நான்தான் அனுப்ப வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன். பாவம், அவரைத் திட்டாத."

"ஏன் அனுப்ப வேண்டாம்?"

நிதானம் டேப்பை இழுத்தார், விட்டார். அது சரக்கென்று உள்ளே ஓடியது.

"தரை போட்டா கட்டில் ஏறும். கட்டில் ஏறினா வண்டி கிளம்பணும். கிளம்பினா ஸ்டீயரிங்ல நான் உட்காரணும். டாக்டர் இனிமே தொடவே கூடாதுன்னுட்டார். பத்து வருஷமா நீ ரோடு மேப்பை மடிச்சு மடிச்சு வச்சிருக்க. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

தராசம்மா அழவில்லை. அவருக்கு வந்தது கோபம். "எட்டு மாசம்" என்றார். "ஊரெல்லாம் திருட்டைப் பிடிச்சேன். என் வீட்டுல எட்டு மாசம் என்னை முட்டாளாக்கியிருக்கீங்க." சொல்லிவிட்டு வண்டியை விட்டு இறங்கிப் போனார். இரண்டு நாள் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைத்தார், கோப்பையை வலது பக்கமாக வைத்தார்.

மூன்றாம் நாள் இருவரும் கண் மருத்துவரிடம் போனார்கள். அங்கும் தராசம்மா சும்மா இருக்கவில்லை. பார்வை எல்லையை அளக்கும் கருவியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"டாக்டர், இந்த மிஷின் சரியா அளக்குதான்னு யார் சோதிப்பாங்க? கடைசியா எப்ப சோதிச்சாங்க?"

மருத்துவர் இளம் பெண். இதுவரை யாரும் கேட்காத கேள்வி என்று தன் மூத்த மருத்துவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து சான்றிதழைக் காட்டினார். தேதி சரியாகத்தான் இருந்தது. அப்படியும், இன்னொரு முறை அளந்து காட்டச் சொன்னார் தராசம்மா. இரண்டு தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். இடது பக்கத்துக் கறுப்பு இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தது. அப்போதுதான் நம்பினார். நம்பியதும் நாற்காலியில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டு, கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்தார். நிதானம் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் தரைக் கடை. தராசம்மா முன் வாசல் வழியாகவே போனார். கடைக்காரர் முகம் வெளிறியது.

"மேடம், அது வந்து, சார்தான்..."

"அஞ்சாவது சுருள். தூசியைத் துடைச்சு நாளைக்கே அனுப்புங்க."

"நீங்க எப்ப பார்த்தீங்க?"

"பின் கதவைப் பூட்டிப் பழகுங்க" என்றார் தராசம்மா. கொஞ்சம் நின்று, "உங்கம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"வீட்டுக்குள்ள அவங்களே நடந்துக்கறாங்க மேடம். சமையலறைத் தரையை வெள்ளையா மாத்தினேன். அதுக்கப்புறம் விழல."

"எத்தனை மாசமா விழல?"

"பதினாலு."

கடைக்காரர் சொன்னதில் தராசம்மா கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்ட முதல் கணக்கு அதுதான்.

தரை விரித்தார்கள். பிளைவுட்டைத் துடைத்து, கோந்து பூசி, சுருளை வெயிலில் ஒரு மணி நேரம் இளக வைத்து, ஒரே துண்டாக இறக்கினார்கள். ஓரங்களைச் சுவரோடு ஒரு விரல் உயரத்துக்கு மேலே ஏற்றி மடித்தார் தச்சர், தண்ணீர் கொட்டினாலும் மூலையில் இறங்காமல் இருக்க. படிகளுக்குக் கறுப்புப் பட்டை. கோந்து காய்ந்ததும் நிதானம் வெறுங்காலோடு முன்னும் பின்னும் நடந்தார். கை எதையும் தேடவில்லை. கட்டில் ஏறியது, அலமாரி ஏறியது, அடுப்பு ஏறியது.

மீதி இருந்தது ஸ்டீயரிங்.

"யார் ஓட்டுறது? டிரைவர் வைக்கலாமா?" என்று மகள் தொலைபேசியில் கேட்டாள்.

"முன்ன பின்ன தெரியாத ஆளை நம்பி உங்கப்பாவை எப்படி ஏத்துறது?" என்றார் தராசம்மா. "நானே கத்துக்கறேன்."

அறுபத்தோரு வயதில், அதுவரை ஸ்கூட்டரைத் தவிர எதையும் தொடாத தராசம்மா, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். முதலில் சின்ன கார், பிறகு பெரிய வண்டி. பயிற்சியாளர் சொல்வதையும் அவர் லேசில் நம்பவில்லை. பின்னால் வண்டி இல்லை என்று அவன் சொன்னால், இரண்டு கண்ணாடியிலும் பார்த்து, கழுத்தையும் திருப்பிப் பார்த்த பிறகுதான் நகர்த்துவார். முதல் தேர்வில் தோற்றார், பின்னோக்கி எடுக்கும்போது கம்பத்தைத் தட்டி. வீட்டுப் பக்கத்து மைதானத்தில் நிதானம் காலிப் பெயிண்ட் டப்பாக்களை வரிசையாக வைத்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு சொல்லிக் கொடுத்தார். வண்டியின் சத்தத்தை வைத்தே கியர் எப்போது மாற்ற வேண்டும் என்று சொன்னார்.

"இன்ஜின் முனகுது பாரு. கீழ இறக்கு."

"எனக்கு ஒண்ணும் கேட்கலையே."

"நம்பு."

தராசம்மா இறக்கினார். வண்டி சமாளித்து மேட்டில் ஏறியது. இரண்டாவது தேர்வில் தேறினார். தேர்வாளர், "இவ்வளவு சந்தேகத்தோட ஓட்டுற ஆளை நான் பார்த்ததே இல்ல. இப்படியே ஓட்டுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

பயணங்கள் தொடங்கின. முதலில் பக்கத்து ஏரிக்கரை, பிறகு மகள் வீடு, பிறகு மேப்பில் மடிப்பு விழுந்து எழுத்து மங்கிய தொலைவுகள். சந்தேகம் மட்டும் போகவில்லை. புதிதாகத் திறக்கிற சொட்டு மருந்துப் புட்டியில் பேனாவால் கோடு போட்டு வைத்தார், சொட்டு ஒழுங்காக விடுகிறாரா என்று பார்க்க. மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தருகிற தாள்களை வண்டி அலமாரியில் வரிசையாகச் சேர்த்து வைத்தார். இடது பக்கத்துக் கறுப்பு ஒரு வருடத்தில் கொஞ்சம் வளர்ந்தது, பிறகு நின்றது. நின்றது என்பதையும் அடுத்த மூன்று தாள்கள் வந்த பிறகே ஒப்புக்கொண்டார்.

ஒரு தடவை மலை அடிவாரத்து வண்டி நிறுத்தத்தில் இரண்டு நாள் தங்கினார்கள். பக்கத்தில் புது வண்டியோடு ஓர் இளம் தம்பதி. அந்தப் பையன் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

"என்ன தரை சார் போட்டிருக்கீங்க? நாங்களும் போடணும். எங்களுக்கு அடர் மரக் கலர்தான் பிடிச்சிருக்கு. இந்த வெளிர் கலர் ஏன் எடுத்தீங்க?"

தராசம்மா முன் இருக்கையில் உட்கார்ந்து வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. வெளியாட்கள் யாரிடமும் நிதானம் இதுவரை அதைச் சொன்னதில்லை. கண் கூசுகிறது, தலை வலிக்கிறது, தூக்கம் போதவில்லை என்று ஏதாவது சொல்லித் தட்டிவிடுவார். இப்போதும் அப்படித்தான் ஏதோ ஒன்று வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது தம்பி" என்றார் நிதானம். "இடது பக்கம் சுத்தமா இல்ல. அடர் கலர்ல படி எங்க முடியுதுன்னு தெரியாது, விழுந்துடுவேன். அதனால இது. ஓட்டுறது எங்க வீட்டம்மா. உள்ள வாங்க, செருப்பைக் கழட்டிட்டு நடந்து பாருங்க. லேமினேட் மட்டும் எடுக்காதீங்க, தண்ணியில மூணு நாள் போட்டுப் பார்த்தோம்..."

அவன் உள்ளே வந்தான். மனைவியையும் கூப்பிட்டான். நிதானம் பிளைவுட், கோந்து, ஓரத்து மடிப்பு, எடை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் விளக்கிக்கொண்டிருந்தார். சொன்னதில் ஓரிடத்தில் எடைக் கணக்கு தப்பு. சதுர மீட்டருக்கு மூன்று கிலோ என்பதை இரண்டு என்று சொல்லிவிட்டார். தராசம்மாவுக்கு அது காதில் விழுந்தது. திருத்தலாம் என்று வாயைத் திறந்தார். பிறகு, அவர் பேசி முடிக்கட்டும் என்று கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.